அறியாதிருந்தது போதுமான மறுமொழியா?

கடவுளுக்கும் செல்வத்துக்கும் ஒருசேர ஊழியஞ் செய்தல் இயலாது என்பது ஆண்டவரின் வாக்கு. அப்படியாயின், வங்கியொன்றின் தலைமை ஆசனத்தில் ஒரு குருவானவர் அமரலாமா? இது கற்பனைக் கேள்வியன்று. பிரித்தானியரான ஸ்டீபன் கிறீன் 1982இல் எச்.எஸ்.பி.சி. வங்கியிற் சேர்ந்தார்; 1988இல் அங்கிலிக்கன் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றார்; 2003இல் வங்கிக் குழுமத்தின் பிரதம நிறைவேற்று அதிகாரியானார்; 2006 முதல் 2010 வரை அதன் தலைவராயிருந்தார். மேற்சொன்ன திருவாக்கையே பொருளாகக் கொண்டு 1996இல் ஒரு நூலும் எழுதினார்.

பணச்சந்தையிலும் கிறிஸ்தவன் உழைக்கலாம் என்பது அவர் கட்சி. அதை நாம் மறுக்க வேண்டியதில்லை. மத்தேயு சுங்கத்துறையை விட்டெழுந்தார். சக்கேயுவையோ தொழிலை விடும்படி ஆண்டவர் சொன்னதாக நற்செய்தியில் இல்லை.

இடறல் வேறிடத்தில் இருந்தது. மெக்சிக்கோவிலுள்ள அவ்வங்கிக் கிளைகளில், போதைப்பொருட் கும்பலினர் நாள்தோறும் இலட்சக்கணக்கான டொலர்களை வைப்பிலிட்டனர். காசாளரின் யன்னலுக்குள் சரியாக நுழையும் அளவில் பெட்டிகளைச் செய்வித்தே கொண்டுவந்தார்களாம்! 2006க்கும் 2010க்கும் இடையில் குறைந்தது 88 கோடி டொலர் போதைப்பணம் இவ்வங்கியின் அமெரிக்கப் பிரிவினூடாகச் சென்றது என்று அமெரிக்க நீதித் திணைக்களம் 2012 டிசெம்பரில் அறிவித்தது. வங்கி ஏறத்தாழ 190 கோடி டொலர் செலுத்த உடன்பட்டது.

கிறீன் அவர்கள்மீது எக்குற்றமும் சாட்டப்படவில்லை. பெட்டியைக் கைநீட்டி வாங்கியவரும் அவரல்லர். பல்லாயிரம் பேர் வேலைசெய்யும் தாபனத்தில் ஒவ்வொரு யன்னலையும் தலைவர் எட்டிப் பார்ப்பதெங்ஙனம்? ஆயினும், அறியாமை இருவகைப்படும் என்று நமது ஒழுக்க இறையியல் கூறும்: முயன்றாலும் வெல்ல இயலாதது ஒன்று, முயன்றால் வெல்லக்கூடியது மற்றொன்று. அமெரிக்கப் பிரிவு மெக்சிக்கோவை அபாயம் மிகக் குறைந்த நாடுகளின் வரிசையில் வைத்திருந்தது. கண்காணிப்புக்குப் போதிய ஆட்களையும் வைக்கவில்லை. காவலாளி இல்லாத வாசலில் கள்ளன் நுழைந்ததை யாரும் காணாதது வியப்பன்று. அந்தக் காணாமை தானாக நேர்ந்ததா, சிக்கனத்தால் விளைந்ததா? என் எண்ணத்தில், பொறுப்பின் பெரும்பகுதி இங்கேதான் கிடக்கிறது. திருப்பலித் தொடக்கத்தில் நாம் அறிக்கையிடுவதும் செய்தவற்றை மட்டுமன்று, செய்யத் தவறியவற்றையுந்தான்.

வாசியாமலே சங்கக் கணக்கிற் கையொப்பமிடும் நிர்வாகசபை உறுப்பினரும், பிள்ளை அனுப்பும் பெருந்தொகை எவ்வழி வந்ததெனக் கேளாத பெற்றோரும் இதே வழக்கில் நிற்பவர்களே. நமது தொகை சிறிது, அவ்வளவுதான் வேற்றுமை.

அந்த உடன்பாடு கைச்சாத்தானபோது கிறீன் பிரித்தானிய அரசின் வர்த்தக அமைச்சராயிருந்தார். பணத்தைச் செலுத்தியது வங்கி. அதற்காகச் சிறை சென்ற அதிகாரி ஒருவருமில்லை.