சிக்கனமும் ஒப்புரவும்: பெங்களூரு நகர நீர்ப்பயன்பாட்டை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும் என்னும் அறிவுரையை மறுப்போர் இலர். ஆயின் அவ்வறிவுரை யாரை நோக்கியது, ஒருவர் சேமிக்கும் நீர் பிறர்க்கு எவ்வாறு பயன்படுகிறது என்னும் வினாக்கள் பெரிதும் எழுப்பப்படுவதில்லை. பெங்களூரு நகரைச் சான்றாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வதாக இக்கட்டுரை அமைகிறது.

நகரும் நீரும்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள பெங்களூருவில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. முற்காலத்தில் ஏரிகளும் கிணறுகளுமே நகரின் நீர்த்தேவையை நிறைவு செய்தன. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் இன்று கெம்பேகவுடா பேருந்து நிலையம் உள்ளது. சம்பங்கி ஏரியின் பெரும்பகுதி கண்டீரவா விளையாட்டரங்கமாயிற்று. அர்க்காவதி ஆற்றின் ஹெசரகட்டா, திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கங்களுக்குப் பின்னர், 1974 முதல் காவிரி நீர் நகருக்குக் கொண்டுவரப்படுகிறது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, அரை கிலோமீட்டர் உயரத்திற்கு மின்விசையால் ஏற்றப்பட்டே இந்நீர் நகரை அடைகிறது. 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட ஐந்தாம் கட்டத் திட்டம் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் நீரைக் கூடுதலாக வழங்கும் நோக்குடையது.

2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில் தமிழகத்தின் பங்கு 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைக்கப்பட்டது. கர்நாடகத்திற்குக் கூடுதலாகக் கிடைத்த 14.75 டி.எம்.சி.யில் 4.75 டி.எம்.சி. பெங்களூருவின் குடிநீர்த் தேவையைக் கருதி அளிக்கப்பட்டதாகும். எனவே நகரத்துக் குழாயில் வீணாகும் நீர், மற்றோர் இடத்து வயலுக்குச் சென்றிருக்கக்கூடிய நீர் என்பது கருதத்தக்கது.

சிக்கனத்தின் இருவகை

சிக்கனத்தை இருவகையாகப் பகுத்து நோக்கலாம். ஒன்று இல்லாமையால் விளைவது. மற்றொன்று இருந்தும் தன்னை வரையறுத்துக் கொள்வதால் விளைவது. தெருக்குழாயில் வரிசையில் நின்று சில குடம் நீர் பெறுவோரின் சிக்கனம் முதல் வகையைச் சார்ந்தது. அதனை அறம் எனப் போற்றுவது அவர்தம் இன்னலை மறைப்பதாகும். வீணாக்கும் வாய்ப்பு உடையவரிடத்தேதான் சிக்கனம் அறமாகிறது. ஆகவே எல்லோர்க்கும் ஒரே குரலில் சிக்கனம் போதிப்பது முறையன்று. குறைவாகப் பெறுவோர்க்கு உரியது அறிவுரை அன்று, பங்கு ஆகும்.

இல்லங்களுக்குள்ளும் இவ்வேறுபாடு காணப்படுகிறது. துணி அலசிய நீரை எடுத்துவைத்துத் தரை துடைப்பதும், சுத்திகரிப்புக் கருவி கழிக்கும் நீரை வாளியில் பிடிப்பதும் பெரும்பாலும் பெண்களின் அல்லது வீட்டு வேலை செய்வோரின் உழைப்பாகவே அமைகின்றன. சிக்கனம் ஒருவரது கொள்கையாகவும் மற்றொருவரது சுமையாகவும் பிரிந்துவிடுமாயின் அதன் அறத்தன்மை குன்றும்.

சிறுதுளியின் பயன்

தனி ஒருவர் சேமிக்கும் ஒரு வாளி நீர் இல்லாதவரைச் சென்று சேர்வதில்லையே என்னும் மறுப்பு எழக்கூடும். இது புறக்கணிக்கத்தக்க மறுப்பன்று. குழாயை மூடிய அளவில் அந்நீர் அடுத்த தெருவிற்குத் தானே சென்றுவிடாது. அதனை முறையாகப் பகிர்ந்தளிப்பது நீர் வாரியத்தின் கடமையாகும். எனினும் நிலத்தடி நீரைப் பொறுத்தவரை நிலை வேறு. நகரின் புறப்பகுதி அடுக்ககங்கள் பல, லாரி நீரை நம்பியுள்ளன. அந்நீர் சுற்றுப்புற ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து எடுக்கப்படுவதாகும். அடுக்ககம் ஒன்று ஒரு லாரி நீரைக் குறைத்துக்கொண்டால், அந்நீர் அவ்வூர் நிலத்தடியிலேயே தங்க வாய்ப்புண்டு.

பொதுவளம் தன்னலத்தால் அழியும் என்று 1968இல் காரெட் ஹார்டின் வாதிட்டார். மக்கள் தாமே விதி வகுத்துப் பொதுவளத்தைக் காக்க இயலும் என 1990இல் எலினார் ஆஸ்ட்ரம் பல நாட்டுச் சான்றுகளால் நிறுவினார். நீர்ச்செலவை எல்லா வீடுகளுக்கும் சமமாகப் பிரிக்கும் அடுக்ககம் முன்னவர் கூற்றுக்கும், வீடுதோறும் அளவுமானி பொருத்தி வரம்பு வகுத்துக்கொள்ளும் அடுக்ககம் பின்னவர் கூற்றுக்கும் சான்றாகலாம்.

சட்டமும் ஒப்புரவும்

2023ஆம் ஆண்டுப் பருவமழை பொய்த்ததைத் தொடர்ந்து, 2024 மார்ச்சில் வாகனம் கழுவுதல், தோட்டம், கட்டுமானம் முதலியவற்றிற்குக் குடிநீரைப் பயன்படுத்துவதை வாரியம் தடைசெய்து, மீறுவோர்க்கு 5,000 ரூபாய் தண்டம் விதித்தது. தண்டம் நெருக்கடிக் காலத்திற்குப் பயன்படும். ஆயின் அச்சத்தால் மட்டும் நிலைபெற்ற சிக்கனம், மழை பெய்தவுடன் மறக்கப்படும்.

தமிழ் மரபு இதற்கு வேறொரு அடிப்படையைத் தருகிறது. நீரைத் தேக்கிவைத்தல் வேந்தன் கடமை எனப் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் புறநானூற்றில் அறிவுறுத்துகிறார். வள்ளுவரோ ஒப்புரவறிதல் அதிகாரத்தில், பிறர்க்குப் பயன்படும் செல்வத்தை நீர் நிறைந்த ஊர்ப்பொதுக் குளத்தோடு ஒப்பிடுகிறார். முன்னது அரசின் கடமையையும் பின்னது தனிமனிதரின் மனப்பாங்கையும் சுட்டுவன. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

முடிவுரை

நீர்ச்சிக்கனம் என்பது பொருளைச் சேர்த்துவைக்கும் பண்பு அன்று. தான் எடுப்பதன் மறுமுனையில் பிறர் உளர் என்னும் உணர்வேயாகும். மிகுதியாகப் பெறுவோரிடமிருந்து அது தொடங்க வேண்டும். சேமிக்கப்பட்ட நீர் இல்லாதோரைச் சென்றடைய அரசு வழிசெய்ய வேண்டும். இவ்விரண்டும் கூடாதவிடத்துச் சிக்கனம் இல்லத்துச் செலவைக் குறைக்கும் வழியாக மட்டுமே எஞ்சும். கூடியவிடத்து அது ஒப்புரவாகும்.