கொடையா, கடனா?

நகரத்தின் பாழடைந்த குடியிருப்புகளை அகற்றிப் புதுப்பிப்பதற்குப் பொதுப்பணத்தைச் செலவிடுவது நியாயமா என்று கேட்போர் உளர். அக்கேள்விக்கு விடை காணுமுன் வேறொன்றைக் கேட்டாக வேண்டும்: அந்த இடத்தைப் பாழாக்கியவர் யார்?

கண்டி நகரின் வடபால் உள்ள மஹய்யாவப் பகுதியை எடுத்துக்கொள்வோம். 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி மாநகரசபையைப் பெற்ற நகரம் கண்டி. அதன் தெருக்களைக் கூட்டவும் மலத்தை அள்ளவும் பிரித்தானியர் ஆட்சியில் தென்னிந்தியாவிலிருந்து ஒடுக்கப்பட்ட சாதியினர் கொண்டுவரப்பட்டனர். தொழிலோடு சேர்த்து அவர்களுக்குக் கிடைத்தவை சின்னஞ்சிறு வரிசை அறைகள். தலைமுறைகள் பெருகின, அறைகள் பெருகவில்லை. நகரைத் தூய்மையாக வைத்திருந்தவர்களின் இருப்பிடத்தையே நகரம் அழுக்கென்று சுட்டிக் காட்டுகிறது. இதனினும் கொடிய முரண்பாடு உண்டோ?

தனியார் ஒருவர் வாடகையை வாங்கிக்கொண்டு தம் வீட்டைப் பாழாக விட்டால், அவரது அசட்டைக்குப் பொதுமக்கள் ஏன் பணம் தர வேண்டும் என்று கேட்பதில் நியாயமுண்டு. மஹய்யாவவில் நிலைமை வேறு. அங்கே மக்களைக் குடியேற்றியதும் பொதுநிறுவனம். வேலை வாங்கியதும் பொதுநிறுவனம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமோ இந்திய வம்சாவளித் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. வாக்கற்றவனின் கூரை ஒழுகினால் எந்த வரவுசெலவுத் திட்டம் அதைப் பொருட்படுத்தும்? ஆகவே, இங்கே செலவிடப்படும் பணம் கொடையன்று. நெடுங்காலம் செலுத்தப்படாத கூலியின் நிலுவை.

ஆயினும், பணம் ஒதுக்கப்பட்டதென்று மகிழ்ந்து அமர்ந்துவிட முடியாது. முதலாளித்துவம் சேரிகளை ஒழிப்பதில்லை, இடம்பெயர்க்கவே செய்கிறது என்று 1872இல் குடியிருப்புப் பிரச்சினை பற்றி எழுதியபோதே எங்கெல்ஸ் நிறுவினார். 2010ஆம் ஆண்டில் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் வந்தபின் கொழும்பில் நடந்தது என்ன? குடிசைவாழ் மக்கள் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டனர். அவர்கள் வாழ்ந்த விலையுயர்ந்த நிலம் வணிகத்தின் கண்ணுக்கு இலக்காயிற்று. சென்னையிலும் நகரின் நடுவே உழைத்து வாழ்ந்தோர் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டனர். வீடு கிடைத்தது, வேலையும் பள்ளியும் தொலைவாயின.

மாறாக, 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டம், குறைகள் பல இருந்தபோதிலும், சிறுகடன் வழங்கிக் குடும்பங்களே தம் வீட்டைக் கட்டவும் திருத்தவும் வழிசெய்தது. ஏழைக்கும் தன் வீட்டைப் பற்றிய அறிவு உண்டென்பதை அது ஒப்புக்கொண்டது.

எனவே, பொதுப்பணத்தை அளக்கும் உரைகல் எத்தனை சுவர்கள் இடிக்கப்பட்டன என்பதன்று. அங்கு வாழ்ந்தோர் அங்கேயே வாழ்கின்றனரா? காணி உறுதி அவர்கள் பெயரில் உள்ளதா? திட்டம் தீட்டுமிடத்தில் அவர்களுக்கு ஆசனம் உண்டா? இம்மூன்றுக்கும் ஆம் என்று சொல்ல முடியாத திட்டம், கடனைத் தீர்ப்பதாகாது. கடன் கொடுத்தவனை ஊரைவிட்டு அகற்றுவதாகும்.