சம்மதமும் தர்மமும்

பலர் சம்மதித்துவிட்டதனாலேயே ஒரு காரியம் தர்மமாகிவிடுமா என்ற கேள்வியை மைசூர் அக்ரஹாரத்துத் திண்ணைகளில் எழுப்பினால், ராமனுக்கு முடிசூட்டத் தசரதன் சபையோரின் இசைவைக் கேட்ட கதையைத்தான் பெரியவர்கள் முதலில் எடுப்பார்கள். அந்த ஏகோபித்த சம்மதம் ஒரே இராத்திரியில் ஒன்றுமில்லாமற் போனதைப் பற்றி அவ்வளவாகப் பேசமாட்டார்கள். உலகின் முதல் அரசனான மகாசம்மதனை ஜனங்களே கூடித் தேர்ந்து, தங்கள் நெல்லில் ஒரு பங்கை அவனுக்கு அளிக்க இசைந்தார்கள் என்று பௌத்தர்களின் அக்கஞ்ஞ சுத்தமும் சொல்கிறது.

தர்மிஷ்ட சமுதாயம் அமைப்பதாக வாக்களித்து 1977இல் இலங்கையில் ஆட்சிக்கு வந்த ஜே. ஆர். ஜயவர்த்தனாவுக்கு இக்கதை தெரியாதிருக்க நியாயமில்லை. ஜனங்களே நேரடியாக ஜனாதிபதியைத் தேர்ந்த அத்தேசத்தின் முதல் தேர்தல் 1982 அக்டோபர் 20ஆம் தேதி நடந்தது. எதிர்த்து நின்றிருக்கக்கூடிய முன்னாள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடியியல் உரிமைகள் இரண்டு வருஷங்களுக்கு முன்பே பறிக்கப்பட்டிருந்தபடியால், அவர் கட்சிக்கு ஹெக்டர் கொப்பேகடுவ நின்றார். ஜயவர்த்தனா 52.91 சதவீதம் பெற்று வென்றார்; யாழ்ப்பாண மாவட்டத்திலோ தமிழ் வேட்பாளர் குமார் பொன்னம்பலம் முதலிடம், ஜயவர்த்தனா மூன்றாமிடம்.

விபரீதம் இதற்குப் பின்னர்தான். பார்லிமெண்டில் ஆறில் ஐந்து பங்கு இடங்களை வைத்திருந்த ஜயவர்த்தனாவின் கட்சிக்கு, புதிய விகிதாசார முறைப்படி பொதுத் தேர்தல் நடந்தால் மூன்றில் இரண்டு பங்குகூட மிஞ்சாது. ஆகவே தம் கட்சி அங்கத்தினரிடம் தேதியிடாத ராஜிநாமாக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டு, இருக்கிற பார்லிமெண்டின் ஆயுளையே ஆறு வருஷம் நீட்டலாமா என்று டிசம்பர் 22இல் ஜனங்களைக் கேட்டார். நீட்டலாம் என்பவருக்கு விளக்குச் சின்னம், கூடாதென்பவருக்குக் குடம். விளக்குக்கு 54.66 சதவீதம் விழுந்தது.

குடம் என்றால் தமிழனுக்கு உத்தரமேரூர் நினைவு வரும். பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில், அவ்வூர்ப் பிராமண சபையார் கல்லில் வெட்டிவைத்த ஏற்பாட்டின்படி, வாரியம் என்னும் குழுக்களுக்கு ஆள் தேர, பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒன்றுமறியாத பாலகன் ஒருவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவினருக்கும் அதில் இடமில்லை. ஒருமுறை பதவி வகித்தவன் மூன்று வருஷம் கழியாமல் திரும்ப வரவும் முடியாது. நிலமும் வேதமும் உடையவர்க்கே உரியதாயிருந்த அச்சபையை ஜனநாயகத்தின் தாய் என்று கொண்டாட எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் பதவியில் இருப்பவன் இறங்கியே தீரவேண்டும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமிருக்கவில்லை.

சம்மதம் கொடுப்பவன், அதைத் திரும்பப் பெறும் நாளையும் தன்னிடமே வைத்துக்கொண்டுதான் கொடுக்கிறான். அந்த நாளை அவன் தனக்காக வேண்டுமானால் துறக்கலாம். குடத்துக்கு வாக்களித்த அயலானுடைய நாளையும் சேர்த்துத் துறக்க அவனுக்கு ஏது அதிகாரம்? யாழ்ப்பாணத்தார் பெருவாரியாகக் குடத்துக்கே வாக்களித்தார்கள். 1983 ஜூலையில் தமிழர் வீடுகள் எரிந்தன; ஆகஸ்டில் வந்த அரசியல் சாசனத்தின் ஆறாவது திருத்தம் கேட்ட பிரிவினை எதிர்ப்புச் சத்தியப் பிரமாணத்தைச் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் ஸ்தானங்களை இழந்தார்கள். தாங்கள் வேண்டாமென்ற பார்லிமெண்டில் தங்களுக்காகப் பேச யாழ்ப்பாணத்தார் தேர்ந்தனுப்பியவர் யாருமில்லாமற் போயிற்று. அடுத்த பொதுத் தேர்தல் 1989 பிப்ரவரி 15ஆம் தேதிதான் நடந்தது.