உரமும் கொடையும்

தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டித் தீர்த்தபின், வறண்ட காற்றாகவே ஊவாவில் இறங்குகின்றது. பதுளைத் தேயிலைக்குத் தனி மணந்தருவது இவ்வறட்சியே என்பர். அம்மண்ணைக் காத்து வளமூட்டவெனத் தோட்டங்களில் அவரைக் குடும்பத்துச் செடிகளும் மரங்களும் வளர்க்கப்பட்டு வந்துள்ளன: நிழலுக்கு முள்முருக்கு, ஓரங்களிற் கிளிசிரிடியா, தேயிலை நிரைகளுக்கிடையே வெண்பூப் பூக்கும் தெப்ரோசியா. இறுதியிற் கூறியது, யாழ்ப்பாணத்தார் காவிளாய் என்றழைக்கும் கொழுஞ்சிக்கு நெருங்கிய இனம்.

இச்செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்கள் வளியிலுள்ள நைதரசனைப் பிடித்துக் கொடுக்கின்றன. 1880களில் ஹெல்ரீகல், வில்பார்த் என்னும் ஜேர்மன் அறிஞர் இதனை நிறுவினர். ஆயினும் அந்த நைதரசன் தானாகத் தேயிலைக்குச் சென்றுவிடுவதில்லை. அதன் பெரும்பகுதி செடியின் இலையிலும் தண்டிலுமே தங்குகின்றது. வெட்டி மண்ணிற் பரப்பினாற்றான் அடுத்த பயிருக்கு ஆகும். பூக்கத் தொடங்கும் பருவமே வெட்டுதற்கேற்றது. காய் முற்றினால் தண்டு நாராகி, மக்குவதற்கு நாட்செல்லும். செடி தன் வாழ்வை முடிக்காதிருப்பதிலேதான் அதன் பயன் இருக்கின்றது.

இதனைச் செடியின் கொடை எனலாமா? கொடைக்குக் கொடுக்கும் மனமும், மறுக்கும் வாய்ப்பும் வேண்டும். செடிக்கு இரண்டுமில்லை. அதனைத் தியாகி எனப் பாடுவது தீங்கற்ற கற்பனை. (பாரியின் கதையிற்கூட ஈந்தவன் மனிதன், பெற்றதுதான் முல்லை.)

அச்சொல் மனிதர்மேல் ஏறும்போதே தீங்கு தொடங்குகின்றது. மலையக முன்னோரைத் 'தேயிலைக்கு உரமானவர்கள்' என மேடைகளிற் போற்றுவது வழக்கம். போற்றுவோர் நெஞ்சில் அன்பிருப்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் தொடரின் இலக்கணத்தை நோக்குக. 'ஆனவர்கள்' என்பதிற் செய்வித்தவர் மறைந்துபோகின்றார். 'ஆக்கப்பட்டவர்கள்' என்றால் ஆக்கியவர் யாரென்ற கேள்வி எழும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. அம்மக்களின் விருப்பைக் கேட்டு அது எழுதப்படவில்லை. எஞ்சியோருக்கான பிரசாவுரிமைச் சட்டம் 2003இற்றான் வந்தது. இவற்றைத் தியாகம் என்றழைத்தால், பிழை செய்தவர்க்கும் அந்தப் புகழிற் பங்கு கிடைத்துவிடும்.

உரமென்ற சொல்லை நீக்கினால் உழைப்பே மறக்கப்படும் என்று வாதிக்கலாம். அவ்வச்சம் வேண்டியதில்லை. அம்மக்கள் உண்மையாகவே கொடுத்தவையும் உள. அற்பக் கூலியிற் சிறுகச் சேர்த்துத் தோட்டந்தோறும் கோயில் எழுப்பினர். தாம் எழுத்தறியாதிருந்தும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினர். அப்பணத்தைக் கொடாதிருக்கவும், பிள்ளைகளைக் கொழுந்தெடுக்க நிறுத்திக்கொள்ளவும் அவர்களால் முடிந்திருக்கும்.