தடையும் கடனும்

தொற்றுநோய் பரவும் காலத்தில் மக்களின் பயணத்தைத் தடுப்பது முறையா? முறையே என்கிறது மருத்துவ அறிவு. நடமாட்டம் குறைந்தால் நோயின் வேகமும் குறையும். 1377ஆம் ஆண்டிலேயே ராகுசா நகரம், கொள்ளைநோய் கண்ட ஊர்களிலிருந்து வந்தோரை 30 நாள் தனித்திருக்கச் செய்தது. ஆகவே, தடை வேண்டுமா என்பதல்ல நம் கேள்வி. அதன் சுமை யார் தோள்மீது என்பதே நம் கேள்வி!

திருவேட்டக்குடியில் நின்று பாருங்கள், தோழர்களே! வடக்கே தரங்கம்பாடி, தெற்கே, காரைக்காலைக் கடந்தால் நாகூர். இரண்டும் தமிழ்நாட்டு மண். இடையிலே புதுவை ஆட்சிப்பகுதி. பிரெஞ்சுக்காரனும் ஆங்கிலேயனும் கிழித்துவிட்டுப் போன கோடு அது. கிருமி அக்கோட்டை அறியாது. ஆயினும், 2020இல் கொரோனா வந்தபோது அக்கோட்டின் மீதே தடுப்புகள் எழுந்தன. கோட்டுக்கு இப்பால் குடிசையும் அப்பால் பிழைப்புமாக வாழ்ந்தவன் என் செய்வான்?

நோய் எவ்வழி வந்தது? நாட்டின் முதல் நோயாளி, சீனத்திலிருந்து கேரளம் திரும்பியவர். கண்டறியப்பட்டது 2020 சனவரி 30. அயல்நாட்டுப் பயணிகள் விமானங்களுக்குத் தடை, மார்ச் 22. நாடு முழுவதற்குமான ஊரடங்கோ மார்ச் 24 இரவு 8 மணிக்கு அறிவிக்கப்பட்டு, நள்ளிரவிலே நடைமுறைக்கு வந்தது. விமானத்தில் வந்தோருக்குச் சோதனை நடந்தது, உண்மை. எனினும் அவர்களுக்கு ஐம்பது நாளுக்கு மேல் அவகாசம். அன்றாடக் கூலிக்கு நான்கு மணி நேரம்! வெளிமாநிலத் தொழிலாளருக்கென்று சிறப்பு ரயில் புறப்பட்டது மே 1ஆம் நாள். அதற்குள் எத்தனை கால்கள் நெடுஞ்சாலையிலே தேய்ந்தன!

புதிய கதையன்று இது. ஆங்கிலேயர் ஆட்சியில் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் தொழிலாளரையும் மண்டபம் முகாமில் நாள்கணக்கில் நிறுத்திவைத்த பின்னரே கப்பலேற்றினர்.

"உயிர் காக்கும் வேளையில் சமத்துவம் பேசுவதா?" என்பர் சிலர். பேசத்தான் வேண்டும். தடை நோயை ஒழிப்பதில்லை. காலத்தை வாங்கித் தருகிறது. மருத்துவமனையில் படுக்கை சேர்க்க, தடுப்பூசி காண, அந்தக் காலம் பயன்படுகிறது. யாருடைய காலம் அது? கூலியிழந்து முடங்கியவனுடைய காலம். அவன் சமுதாயத்துக்குக் கடன் கொடுத்தவன். அவனுக்குத் தரும் அரிசியும் பணமும் பிச்சையாகுமா? கடனைத் திருப்பும் தவணை அது! பசித்தவன் தடுப்பைத் தாண்டுவான். வேலை போகுமென்று அஞ்சுபவன் காய்ச்சலை மறைப்பான். ஆகவே இங்கு நீதியே மருந்தும் ஆகிறது.

இன்னொரு கொள்ளைநோய் வரலாம். அன்று பாதையை அடைக்கும் ஆணையிலேயே, அடைபட்டவனின் உணவுக்கும் கூலிக்கும் ஊர் திரும்பும் வழிக்கும் ஏற்பாடு எழுதப்பட்டிருக்கவேண்டும். எழுதச் சொல்லிக் கேட்க வேண்டிய காலம், நோயில்லாத இக்காலமே. கேட்போமா, தோழர்களே?