பசியறிந்து ஊட்டுதல்

ஜவ்வாது மலைவாழ் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமை விளைவித்து உண்டவர்கள். மலையிலும் சமவெளியிலும், வந்தவரைப் பசியோடு அனுப்புவது நமக்குப் பழி. உணவிடுவதே அன்பு என்று பழகிய நம் கைகள், நோயாளி வாயை மூடிக்கொள்ளும்போது திகைத்து நிற்கின்றன. ஊட்டுவதெல்லாம் அன்பாகுமா?

நாம் இருவகையில் தவறுகிறோம். பேதி கண்ட குழந்தைக்கு, வயிறு ஓயட்டும் என்று சோற்றையும் நீரையும் நிறுத்துகிறோம். எலும்பும் தோலுமான குழந்தைக்கோ, விரைவில் தேறட்டும் என்று திணிக்கிறோம். இரண்டிலும் பேசுவது நம் அச்சமே. நோயுற்ற உடல் சொல்வதை நாம் கேட்பதில்லை.

1971-இல் வங்கதேச அகதிகளிடையே காலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மகலானபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கச் செய்தார். 30 விழுக்காடாயிருந்த இறப்பு 4 விழுக்காட்டிற்கும் கீழே இறங்கியது. அந்நீரைப் புகட்டியவர்களுள் பலர் நோயாளிகளின் உறவினரே. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மீண்டும் கரண்டி கரண்டியாகத் தரவேண்டும். தாய்ப்பாலும் உணவும் நிற்கலாகாது.

கடுமையாக மெலிந்த குழந்தைக்கோ முதல் நாள்களில் இரண்டு, மூன்று மணிக்கு ஒருமுறை சிறிதளவே தருவர். பட்டினிக்குப் பழகிய உடலில் ஒரேயடியாக உணவைச் செலுத்தினால் இரத்தத்தின் உப்புகள் நிலைகுலைந்து இதயமே நின்றுவிடக்கூடும். பசி திரும்புவதே அளவைக் கூட்டுவதற்கான அடையாளம்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நலப்பணி இம்மலையூர்களுக்கும் நீள்கிறது. ஆயினும் நள்ளிரவில் கிண்ணத்தோடு விழித்திருப்பவள் தாயே. வளர்ப்புத் தாயைச் 'செவிலி' என்றனர் நம் முன்னோர்; அப்பெயரையே இன்று நோயாளியைப் பேணுபவருக்கும் வழங்குகிறோம். இருவருக்கும் வேண்டுவது ஒன்றே: பொறுமை.

சாவை வேண்டிச் சூரைச்செடியின் அடியில் படுத்திருந்த எலியாவை நினைத்துப் பாருங்கள். வானதூதர் தட்டி எழுப்பி அப்பமும் நீரும் தந்தார். உண்டவரை மறுபடி உறங்கவிட்டார். பிறகு இரண்டாம் முறை வந்தார். கடிந்துகொள்ளவில்லை, வற்புறுத்தவுமில்லை.

இறுதி நாள்களில் இக்கேள்வி இன்னும் கூர்மையாகிறது. உணவும் நீரும் நோயாளிக்குரிய அடிப்படைப் பராமரிப்பு என்கிறது 2020-இல் வெளியான 'சமாரித்தானுஸ் போனுஸ்' என்னும் திருச்சபை மடல். உடல் அவற்றை ஏற்கவோ பயன்படுத்தவோ இயலாதபோது அவற்றை நிறுத்தவேண்டும் என்றும் அதுவே கூறுகிறது. உணவைக் கைவிடுவது வேறு, மனிதரைக் கைவிடுவது வேறு. வறண்ட உதட்டை நனைத்து, கையைப் பற்றி அமர்ந்திருப்பதும் பராமரிப்பே.

அன்பர்களே, உங்கள் வீட்டு நோயாளி நாளை ஒரு கவளத்தை மறுத்தால், நம் மனநிறைவுக்காக ஊட்டுகிறோமா, அவர் நலனுக்காகவா என்று ஒரு கணம் எண்ணுங்கள். ஏன் உண்ண இயலவில்லை என்று அவரையும் மருத்துவரையும் கேளுங்கள். பிறகு கரண்டியை எடுங்கள், சிறிதாக, மெதுவாக.