இறுதி மூச்சும் முதற் சீலமும்



உயிர்க்கொலை செய்யேன் என்று நாள்தோறும் உறுதி கூறும் நமக்கு, இக்கால மருத்துவமனைகள் கடினமானதொரு வினாவை எழுப்புகின்றன. உயிருக்குப் போராடும் தாயையோ தந்தையையோ அவசர சிகிச்சைப் பிரிவிற் சேர்க்கின்றோம். வெண்டிலேட்டர் எனும் செயற்கைச் சுவாசக் கருவியைப் பொருத்தலாமா என்று மருத்துவர் கேட்கின்றார். வேண்டாமென்றால் அது கொலையாகுமோ? பொருத்தியபின் அகற்றச் சொன்னால் சீலம் முறியுமோ?

எண்ணமே கர்மம் என்பது பகவன் புத்தரின் போதனை. தேரவாத உரையாசிரியர்கள் கொலைக்கு ஐந்து அங்கங்கள் வகுத்தனர்: உயிர் இருத்தல், உயிரென அறிதல், கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, அம்முயற்சியால் நேரும் மரணம். மீளவியலாத நோயில், பயனற்றுப்போன கருவியை விலக்குங்கால் கொல்லும் எண்ணம் இல்லை. உயிரைக் கொள்வது நோயே. நஞ்சூசியிட்டு முடிப்பதோ வேறு. அங்கே ஐந்தும் நிறைவுறுகின்றன. மரணத்தைப் புகழ்ந்து ஒருவரைச் சாகத் தூண்டிய பிக்குவும் சங்கத்தில் இருக்கத் தகுதியற்றவர் என்பது வினய விதி.

இந்திய உச்சநீதிமன்றமும் இவ்வேறுபாட்டை ஏற்றது. கண்ணியத்தோடு இறத்தலும் வாழ்வுரிமையுள் அடங்கும் என்று 2018 மார்ச் 9 அன்று தீர்ப்பளித்தது. ஊசியிட்டு உயிர் போக்குவதை அனுமதிக்கவில்லை. 2023 சனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. மூவர் கொண்ட மருத்துவக் குழுக்கள் இரண்டு இசைந்த பின்னரே உயிர்காப்புக் கருவியை விலக்கலாம்.

சட்டம் இடந்தந்தது என்பதாலேயே மனம் தூய்மையாகிவிடாது. ஏழையின் வீட்டில் "வேண்டாம்" என்னும் சொல் பலவேளை காசின்மையின் குரல். செல்வர் வீட்டில் "பொருத்துங்கள்" என்பது பலவேளை ஊர்ப்பழிக்கு அஞ்சும் குரல். காசில்லாது மறுத்த மகனைக் கொலைகாரன் என்பது அநியாயம். அப்பழி, ஏழையின் உயிருக்கு விலை வைத்த சமூகத்தையே சாரும். ஆயினும், காசின்மையைக் கருணையென்று பெயரிட்டு நம்மை நாமே ஏமாற்றலாகாது.

மூச்சு நின்றால் சில நிமிடங்களிலேயே மூளை கெடத் தொடங்கும், ஆராய நேரமில்லை. தொடங்கினால் நிறுத்தவே முடியாதென அஞ்சிச் சிலர் வாயிலிலேயே மறுத்துவிடுகின்றனர். நோயின் முடிவு தெரியாதபோது மறுப்பதினும், சிகிச்சையைத் தொடங்கி, நிலையறிந்து, பயனில்லையெனத் தெளிந்தபின் விலக்குவதே அறிவுடைமை.

கருவி விலகினாலும் பணிவிடை விலகலாகாது. கவனிப்பாரற்றுத் தன் மலத்திலேயே கிடந்த பிக்குவை, ஆனந்தரோடு சேர்ந்து பகவனே நீராட்டினார். வலிக்கு மருந்து, வாய்க்கு நீர், பற்றிக்கொள்ள ஒரு கை ஆகிய இவை இறுதி மூச்சுவரை நாம் தீர்க்கவேண்டிய கடன்.

ஆதலின், நலமாயிருக்கும்போதே இல்லத்தாரோடு அமர்ந்து நம் விருப்பத்தைப் பேசுவோம். இரு சாட்சிகளோடு, நோட்டரி அல்லது கெசட் அதிகாரி முன்னிலையில் மருத்துவ உயில் எழுதி வைப்போம். நம் சங்கங்களும் மருத்துவ உதவி நிதி திரட்டுமாக. நிலையாமையை உணர்ந்தோர்க்கு மரணத்தைப் பற்றிப் பேசுதல் அமங்கலமன்று. பின்னிருப்போர்க்கு நாம் செய்யும் தானம் அதுவே.